பதினேழாம் நம்பர் சூட்

திண்டிவனத்தில் கடல் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால், கடலுக்குள் மூழ்குகிறவர்கள் போடும் உடுப்புகளுக்கு அந்த ஊரில் ஆறு வருஷம் நான் மேனேஜராக இருந்தேன். எனக்கு நீச்சலும் தெரியாது. கிணற்றை எட்டிப் பார்த்தாலே கால் கூசும்.

என் தங்கை மகன் புதுச்சேரியில் கடலடி நீச்சல் கற்றுத் தரும் கடை வைத்திருந்தான். முதுகில் காற்று உருளையைக் கட்டிக்கொண்டு மீன்களைப் பார்க்க இறங்குவார்களே, அது. அதற்குப் போடுகிற கறுப்பு ரப்பர் உடுப்பு கழுத்திலிருந்து கணுக்கால் வரை ஒரே துண்டு, முதுகில் நீள ஜிப். நாங்கள் சூட் என்போம். மாப்பிள்ளை போடுகிற சூட் இல்லை என்பதை என் மனைவிக்குப் புரியவைக்கவே ஒரு வாரம் ஆனது.

கடற்கரைக் கடையில் உப்புக்காற்றில் ஜிப்பெல்லாம் பச்சை பூத்துப்போனது. திண்டிவனத்தில் என்னிடம் ஒரு மினி ஹால் சும்மா கிடந்தது. காதுகுத்து, பிறந்தநாள் என்று எழுபது பேர் உட்காரலாம். எதிரிலேயே ஏசி போட்ட மண்டபம் ஒன்று வந்ததும் என் ஹாலில் பல்லிகள் மட்டுமே விசேஷம் நடத்தின. ஹாலில் நிழல் இருந்தது, பின்னால் நல்ல தண்ணீர்க் கிணறு இருந்தது. மருமகன் வந்து பார்த்துவிட்டு, "மாமா, இதுதான் சரியான இடம். வியாழக்கிழமை வியாழக்கிழமை வண்டில அனுப்பறேன், கழுவிக் காயவச்சுக் குடு. மழைக்காலத்துல கடல் கலங்கிடும், அப்ப எல்லாத்தையும் இங்கயே தொங்கவிட்டுடலாம்" என்றான். நாற்பது சூட். ஒவ்வொன்றின் நெஞ்சிலும் வெள்ளைப் பெயிண்டில் நம்பர். வரிசையாகத் தொங்கவிட்டபோது நாற்பது பேர் தலையில்லாமல் பந்திக்குக் காத்திருப்பதுபோல இருந்தது. என் ஹாலுக்கு அவ்வளவு கூட்டம் வந்ததே அன்றுதான்.

கழுவ ஆள் வேண்டும். எட்டுப் பேரைக் கேட்டேன். எட்டுப் பேரும், "இதுல அப்படி இன்னா அழுக்கு?" என்று ஒரே கேள்வி கேட்டார்கள், ஒரே பதிலைக் கேட்டுவிட்டுப் போனார்கள். அந்தப் பதிலை நாகரிகமாகச் சொல்ல வழியில்லை. கடலடியில் முதன்முதலாக இறங்குகிறவர்களில் பாதிப் பேர் சூட்டுக்குள்ளேயே ஒன்றுக்குப் போய்விடுவார்கள். குளிரில் சிலர், பயத்தில் பலர்.

ஒன்பதாவதாக வந்தவர்தான் அக்கா. பெருமுக்கல் பக்கத்தில் ஒரு கிராமம். வயல் வேலை செய்தவர். ஞாயிற்றுக்கிழமைகளுக்காக ஊர்ச் சர்ச்சில் பீடத்துணியும் சாமியாரின் பூசை உடுப்பும் துவைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். எனக்கும் அவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது. இருந்தும் முதல் நாளே வாயில் அக்கா என்றுதான் வந்தது. அவர் பெயர் எனக்குத் தெரியும். இங்கே எழுதமாட்டேன். எழுதினால் சுற்று வட்டாரத்தில் எல்லோருக்கும் ஆள் தெரிந்துவிடும். அதனால் அவருக்கு ஒரு குறையும் வராது. வெட்கம் எனக்குத்தான்.

நான் வேலையைப் பற்றித் தயங்கித் தயங்கிச் சொல்ல ஆரம்பித்தேன். அவர் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. கொடியிலிருந்து ஒரு சூட்டை எடுத்து, முழங்கை வரை கையை உள்ளே விட்டு, ஒரே இழுப்பில் உள்பக்கத்தை வெளியே கொண்டுவந்தார். முகர்ந்து பார்த்தார். தையலில் விரலை ஓட்டினார்.

"வெளிய மட்டும் கழுவியிருக்கீங்க சார்."

"ஆமாங்கா, நல்லா தேய்ச்சுத்தான்..."

"ஆளு உள்ள இல்ல இருந்தாங்க?"

வேலை அவருக்கு.

எங்கள் தெருவில் ஒருவர், "சரியான ஆளாத்தான் புடிச்சிக்கினு வந்திருக்க" என்றார். எந்த அர்த்தத்தில் சொன்னார் என்று எனக்குத் தெரியும். சிரித்தேன். எங்கள் வீட்டிலிருந்து அவருக்குக் காப்பி வரும். எங்களுக்கு எவர்சில்வர் டம்ளரில், அவருக்குக் காகிதக் கப்பில். "அக்காவுக்கு மட்டும் ஏர்போர்ட்ல குடுக்கற மாதிரி" என்று அதையும் ஜோக் ஆக்கினேன். அவரும் சிரித்தார். இரண்டாம் வாரத்திலிருந்து, காப்பி உடம்புக்கு ஆகவில்லை என்று சொல்லிவிட்டார்.

எதையும் உள்பக்கம் பார்க்காமல் விடமாட்டார் என்பதுதான் அக்கா. சூட் மட்டுமில்லை. கடையில் கத்திரிக்காய் வாங்கினால் காம்பைத் தூக்கிப் பார்ப்பார். தீபாவளிக்கு நான் புதுச் சட்டை போட்டு வந்து நின்றால், எல்லோரும் கலரைச் சொல்வார்கள், இவர் காலரை மடித்துத் தையலைப் பார்ப்பார். "ரெண்டு தொவைப்புக்குத் தாங்கும் சார்" என்பார். சரியாக இரண்டு துவைப்புக்குத் தாங்கும்.

ரப்பருக்கு என்ன பிடிக்கும், என்ன பிடிக்காது என்று மருமகன் கொடுத்த காகிதத்தை நான் பர்ஸில் வைத்திருந்தேன். அவர் அதைக் கைப்பழக்கமாகவே வைத்திருந்தார். முதலில் நல்ல தண்ணீரில் ஊறவேண்டும். அப்புறம் உள்பக்கத்தைத் திருப்பி, குழந்தைக்குப் போடுகிற ஷாம்பூ ஒரு மூடி. முறுக்கக் கூடாது. ஈரத்தோடு தோளில் தொங்கவிட்டால் தண்ணீர்க் கனத்தில் தோள் தொங்கிப்போகும். அதனால் தடித்த பைப்பின் மேல் இடுப்பைப் போட்டு, பாதி இந்தப் பக்கம், பாதி அந்தப் பக்கம். நிழலில் உள்பக்கம் காய்ந்த பிறகுதான் வெளிப்பக்கம். வெயில் ஆகாது. டீசல் புகை ஆகாது. மடிக்கவே கூடாது. மடித்த இடத்தில் ரப்பர் செத்துவிடும். கம்பி ஹேங்கரும் கூடாது என்பதால், பழைய மெத்தை ஸ்பாஞ்சைச் சுற்றி நாற்பது ஹேங்கருக்கும் அகலத் தோள் கட்டினார். ஜிப்புக்குச் சர்ச்சில் எரிந்தது போக மிஞ்சிய மெழுகுவத்தித் துண்டுகளை ஒரு பிஸ்கட் டப்பாவில் கொண்டுவந்து தேய்ப்பார்.

"சாமிக்கு எரிச்சதுல ஜிப்பு தேய்க்கலாமாக்கா?"

"உள்ள போறவன் உசுரோட வெளிய வரணும்ல சார்? ஜிப்பு மாட்டிக்கினா?"

அக்காவின் இன்னொரு பக்கத்தையும் சொல்லவேண்டும். உள்ளே பார்ப்பார், பார்த்ததை வெளியே சொல்லமாட்டார்.

வியாழக்கிழமை வண்டி ஓட்டி வரும் டிரைவருக்கு ஒரு விளையாட்டு இருந்தது. பேரன் எடுத்த ஆள், வயசுக்கேற்ற புத்தி கிடையாது. எந்த நம்பர் சூட்டை யார் போட்டார்கள் என்று கடையில் எழுதிவைப்பார்கள். கழுவும்போது எந்த நம்பருக்குள் ஒன்றுக்குப் போயிருக்கிறார்கள் என்று அக்காவுக்குத் தெரிந்துவிடும். இரண்டையும் சேர்த்தால் ஆள் கிடைத்துவிடும். கடையில் அது பெரிய சிரிப்பு.

"எக்கா, இந்த வாரம் எத்தினி பேரு? நம்பர மட்டும் சொல்லு."

"கடல்ல போட்டது. எல்லாம் உப்புதான். போப்பா."

"அட, அந்த ஐடி கம்பெனி தடியன் போட்டது இருபத்தி மூணு. பெருசா சவடால் வுட்டுக்கினு இருந்தான். அதுவா?"

"யாருன்னு என்னக் கேக்காத. வண்டிய எடு, ஜல்தியா கழுவணும்."

ஆறு வருஷம் வியாழன்தோறும் கேட்டார். ஒரு நம்பர்கூட வாங்க முடியவில்லை. நானும் ஒருமுறை கேட்டேன், மேனேஜர் என்ற உரிமையில். "சார், உங்களுக்கு வேலை இல்லியா?" என்றார். உண்மையிலேயே இல்லை.

மூன்றாம் வருஷம் மருமகன் என்னைப் பிடித்துக்கொண்டான். "சூட்டுக்கு மேனேஜர், ஒரு தடவகூட போட்டுப் பாக்கலன்னா எப்படி மாமா?" என் தொப்பையை உள்ளே தள்ளி ஜிப் போட இரண்டு பேர் தேவைப்பட்டார்கள். நம்பர் பதினேழு. படகில் எல்லோரையும் சிரிக்கவைத்துக்கொண்டே போனேன். தண்ணீருக்குள் இரண்டு ஆள் உயரம் இறங்கியிருப்பேன். என் மூச்சுச் சத்தம் எனக்கே யாரோ துரத்துவதுபோலக் கேட்டது. மேலே எது, கீழே எது என்று தெரியவில்லை. அதற்குப் பிறகு நடந்ததை மேலே பொதுவாகச் சொல்லியிருக்கிறேன். ஒரு மீனும் பார்க்கவில்லை. படகில் ஏறியதும், "மீனுங்க என்னப் பாத்து பயந்துட்டுதுங்க" என்று சொல்லிச் சமாளித்தேன்.

அந்த வியாழக்கிழமை விடிந்ததும் ஹாலுக்கு ஓடினேன். டிரைவர் வந்திருந்தார். மூட்டையைக் கிளறிப் பதினேழை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனேன். உள்பக்கத்தைத் திருப்ப முயன்றேன். ஒரு காலைத் திருப்பினால் மறு கால் உள்ளே போகிறது. அந்தக் கோலத்தில் அக்கா வந்து நின்றார். பின்னாலேயே டிரைவர்.

"இன்னா மேனேஜர் சார், நீங்களே கழுவறீங்க? எக்கா, சாரு போட்டது பதினேழு. இன்னிக்கு இதயாச்சும் சொல்லு!"

அக்கா என் கையிலிருந்து சூட்டை வாங்கினார். முழங்கை வரை கையை விட்டார். ஒரே இழுப்பு. எனக்கு அப்போது கிணறு பயமாகவே இல்லை, குதிக்கலாம் என்றிருந்தது.

"உப்புதான்" என்றார். "உனக்கு வேற வேலையே இல்லியாப்பா? பேஜாரா கீது உன்னோட."

டிரைவர் போனபிறகு, என்னைப் பார்க்காமல், தொட்டியில் ஷாம்பூ ஊற்றிக்கொண்டே சொன்னார்: "பயந்தா வரும் சார். எனக்கு மயிலம் திருவிழால ராட்டினத்துல வந்துச்சு. புதுப் பொடவ. கீழ எங்க மாமியாரு நின்னுக்கினு இருந்தாங்க."

என் வெட்கத்தோடு தன் வெட்கத்தையும் அதே தொட்டியில் போட்டு அலசிவிட்டார். அடுத்த நாள் அவித்த மல்லாட்டை, அதுதான் வேர்க்கடலை, கொண்டுவந்து கொடுத்தார். அந்தப் பேச்சு மறுபடி வரவே இல்லை.

இனி சொல்லப்போவதில் ஜோக் குறைவு.

ஆறாம் வருஷ மழைக்காலம். நாற்பது சூட்டும் ஹாலில் தொங்குகின்றன. கண்டாச்சிபுரத்தில் கட்டிக்கொடுத்த மகளுக்குப் பிரசவம் என்று அக்கா கிளம்பினார். "பத்து நாளு ஆவும் சார். கடைசியா வந்த ஆறு சூட்டு இன்னும் ஈரம், பைப்புல கெடக்குது. மத்தது எல்லாம் ரெடி. ஜன்னல மட்டும் தொறந்து வைங்க. யாரும் தொட வேணாம்." சாவியை என் கையில் கொடுத்தார். பஸ் ஏறப் போனவர் திரும்பி வந்து, "நீங்களும் தொட வேணாம்" என்றார்.

இரண்டாம் நாள் பள்ளிக்கூட நண்பன் ஒருவன் வந்தான். பேத்திக்குக் காதுகுத்து. ஏசி மண்டபம் கிடைக்கவில்லை. "உன் ஹாலு இன்னும் இருக்குதா, இல்ல குடோனா ஆயிடுச்சா?" என்று கேட்டான். குடோன் என்ற சொல் எனக்கு எங்கேயோ சுட்டது. ஒரு காலத்தில் அந்த ஹால் வாசலில் வெள்ளை வேட்டி கட்டி நின்று வாங்க வாங்க என்று கூப்பிட்டவன் நான். ஒரே ஒரு நாள் மறுபடி நிற்கலாமே என்று ஆசை வந்துவிட்டது. வாடகைகூடப் பேசவில்லை. "உனக்கு இல்லாத ஹாலாடா?" என்றேன்.

நானும் பந்தல்காரர் ஒருவரும் சூட்டுகளைக் கழற்றினோம். தொங்கவிட வேறு இடமில்லை. மடித்தோம். போர்வை மடிப்பதுபோல நாலாக மடித்து, ஈரம், காய்ந்தது எல்லாவற்றையும் சேர்த்து, பின்பக்கத்து ஜெனரேட்டர் ஷெட்டில் டீசல் கேன்களுக்குப் பக்கத்தில் அடுக்கி, மேலே தார்ப்பாய் போட்டேன். அன்று மழை. காலையிலிருந்து கரண்ட் இல்லை. ஜெனரேட்டர் நாள் முழுக்க ஓடியது. நான் வாசலில் வெள்ளை வேட்டியில் நின்று வாங்க வாங்க என்றேன். நல்ல கூட்டம். என் ஜோக்குகளுக்கு நல்ல சிரிப்பு.

மறுநாளே எடுத்துத் தொங்கவிட்டிருக்கலாம். எலக்ட்ரீஷியன் சீரியல் விளக்கைக் கழற்ற வரவில்லை, ஹாலைக் கழுவ ஆள் வரவில்லை, மழை விடவில்லை. அக்கா வருவதற்கு முந்தின நாள் வரை அவை மடித்தபடியே கிடந்தன. அன்று வேகவேகமாக எல்லாவற்றையும் ஹேங்கரில் மாட்டினேன். வெளியே ஈரத்துணியால் துடைத்தேன். பளபளவென்றுதான் இருந்தன. வெளிப்பக்கம்.

அக்கா வந்தார். பேரன் பிறந்ததற்கு மிட்டாய் கொடுத்தார். ஹாலில் கால் வைத்ததும் நின்றார். மூக்கு ஒருமுறை அசைந்தது. முதல் வரிசையில் ஒன்றை எடுத்து உள்ளே கையை விட்டுத் திருப்பினார். முட்டிக்குப் பக்கத்தில் கோடு. இன்னொன்று. அதே இடத்தில் கோடு. ஈரமாக இருந்த ஆறிலும் தையல் பசை விட்டு, விரல் நுழையும் அளவுக்குத் திறந்திருந்தது.

"எலி கிலி பூந்திருக்குமோக்கா?" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். எலி நாலாக மடிக்காது என்று சொல்லியிருக்கலாம். ஹாலின் மூலையில் காகிதத் தோரணம் ஒரு துண்டு ஒட்டிக்கொண்டிருந்தது. அதையும் பார்த்தார். போய்க் கிழித்தெடுத்து, கசக்கிக் குப்பைக் கூடையில் போட்டுவிட்டு வந்தார். அதற்குப் பிறகு ஒன்றரை மாதம் ஒவ்வொரு சூட்டாக எடுத்து, ரப்பர் பசை வாங்கிவரச் சொல்லித் தையலை ஒட்டினார், கோடு விழுந்த இடத்தை வெந்நீரில் நனைத்து நீவினார், டீசல் நாற்றம் போக மறுபடி மறுபடி அலசினார். தினம் ஆறு மணி வரை. அந்த ஒன்றரை மாதமும் எனக்கு அவகாசம் கொடுத்தார் என்று இப்போது தோன்றுகிறது. அப்போது, தப்பித்துவிட்டோம் என்றுதான் தோன்றியது.

பொங்கல் கழிந்து மருமகன் வந்தான். டிரைவரும் கூட. முதலில் எடுத்த சூட்டின் முட்டியை வளைத்தான். கோட்டில் வெடிப்பு விட்டது. அடுத்தது. அடுத்தது. பன்னிரண்டு சூட் கடலுக்குள் ஆகாது. கோபக்காரன் இல்லை அவன், ஆனால் கடலில் ஆள் இறக்குகிறவன். முகம் சிவந்துவிட்டது.

"இது மடிச்சு வச்சிருக்காங்க. டீசல் வேற. யாரு பண்ணது இது?"

ஹாலில் நாங்கள் நாலு பேர்.

"யாருன்னு கேக்காதீங்க தம்பி" என்றார் அக்கா. "கெட்டது கெட்டுப்போச்சு. மிச்சம் இருபத்தெட்ட நான் காப்பாத்தித் தர்றேன்."

ஆறு வருஷமாக டிரைவரிடம் சொன்ன அதே சொல்தான். மருமகனுக்கு அது வேறு மாதிரி கேட்டது. அவன் என் பக்கம் திரும்பினான்.

"மாமா, உனக்குத் தெரியுமா?"

ஒரு சொல் போதும். நான்தான்ப்பா. அதற்கு என் நாக்கு புரளவில்லை. வேறு ஒன்றுக்குப் புரண்டது.

"நான் எங்கடா அந்தப் பக்கம் போறேன்? சூட்டு அக்கா டிபார்ட்மென்ட்டு, சோறுதான் என் டிபார்ட்மென்ட்டு."

டிரைவர் சிரித்துவிட்டார். நல்ல ஜோக், நேரம் பார்த்து விழுந்தது. மருமகன் சிரிக்கவில்லை. அக்காவைப் பார்த்து, "நாளைலேர்ந்து வர வேணாம்மா" என்றான். அதுவரை அவனும் அக்கா என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தான்.

அக்கா என்னைப் பார்ப்பார் என்று எதிர்பார்த்தேன். பார்க்கவில்லை. "ஈரமா கெடக்கறத மட்டும் திருப்பிப் போட்டுட்டுப் போறேன் தம்பி" என்றார். ஐந்து சூட். ஒவ்வொன்றாக முழங்கை வரை கையை விட்டுத் திருப்பி, பைப்பின் மேல் இடுப்பு விழும்படி போட்டார். மெழுகுவத்தி டப்பாவை ஜன்னலில் வைத்தார். போனார்.

அடுத்து வந்த ஆள் மூன்று மாதம் தாங்கினார். அதற்கடுத்து வந்தவர் வெயிலில் காயவைத்தார். மருமகன் சூட்டுகளைத் திருப்பி எடுத்துக்கொண்டான். என் ஹால் இப்போது உண்மையிலேயே குடோன், தண்ணீர்க் கேன் அடுக்குகிற இடம்.

அக்கா வேலையிலிருந்து போய் நாலு வருஷம். பெருமுக்கலுக்கு எவ்வளவு தூரம்? ஸ்கூட்டரில் சினிமாப் பாட்டு நாலைந்து பாடி முடிப்பதற்குள் போய்விடலாம். போகவில்லை. ஒருமுறை கிளம்பி, பாதியில் டீக்கடையில் நின்று, கடைக்காரரைச் சிரிக்கவைத்துவிட்டுத் திரும்பினேன்.

போன ஆனி மாதம் மைத்துனருக்கு விழுப்புரத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன். விக்கிரவாண்டியில் லாரி வரிசையில் மாட்டி, தாமதமாய்ப் போய்ச் சேர்ந்தேன். உள்ளே விடவில்லை. பின்பக்கம் போய் நின்றேன். அங்கே ஆபரேஷன் தியேட்டர் அங்கிகள் காய்ந்துகொண்டிருந்தன. கொடியில் இல்லை. தடித்த பைப்பில். இடுப்பில் மடங்கி, பாதி இந்தப் பக்கம், பாதி அந்தப் பக்கம். எல்லாம் உள்பக்கம் வெளியே. நிழலில்.

கால் கூசியது, கிணற்றைப் பார்த்ததுபோல. திரும்பிப் போய்விடலாம் என்று நினைத்து முடிப்பதற்குள் கூடையோடு அவரே வந்துவிட்டார். நரை கூடியிருந்தது.

"சார்! யாருக்கு சார் உடம்பு?" என்றுதான் கேட்டார் முதலில்.

சொன்னேன். என் மனைவியை விசாரித்தார். பேரன் ஸ்கூல் போகிறான் என்றார். பிறகு தானாகவே சொன்னார், குறையாக இல்லை, ஊர்ச் செய்தி சொல்வதுபோல. "பாண்டில வேற ஒரு டைவிங் கடைல ஆளு கேட்டாங்க சார். போனேன். நான் கைய வுட்டுத் திருப்புனதப் பாத்து அவங்களுக்குப் புடிச்சிப்போச்சு. அப்பறம் தம்பிக்குப் போன் போட்டுக் கேட்டாங்களாம். அவரு இன்னா சொன்னாரோ, வேணாம்னுட்டாங்க. அதான் இங்க வேல கேட்டப்போ, முன்ன இன்னா வேலைன்னாங்க, வயல் வேலைன்னுட்டேன்."

ஆறு வருஷம். நாற்பது சூட். வயல் வேலை.

"அக்கா" என்றேன். "அன்னிக்கு அந்த சூட்ட மடிச்சது..."

"சார்." கூடையைக் கீழே வைத்தார். "அத ஏன் எங்கிட்ட சொல்றீங்க? எனக்குத்தான் அன்னிக்கே தெரியுமே. தெரியாதவருகிட்டப் போய் சொல்லுங்க."

"நீங்களே அன்னிக்குச் சொல்லியிருக்கலாமேக்கா." இதைக் கேட்கவும் எனக்கு வாய் வந்தது பாருங்கள்.

"அடுத்தவங்களத நான் சொல்ல மாட்டேன் சார். நீங்க சொல்லுவீங்கன்னு நின்னுக்கினு இருந்தேன்." ஒரு அங்கியை எடுத்து, உள்ளே கையை விட்டுத் திருப்பினார். "ஜோக்கு சொல்லுவீங்கன்னு நெனைக்கல."

மைத்துனரை வார்டுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள் என்று கூப்பிட்டார்கள். போனேன்.

அடுத்த வாரமே புதுச்சேரி போனேன். மருமகன் கடையில் இப்போது எல்லாம் புதுச் சூட். கம்பி ஹேங்கரில் தொங்குகின்றன, தோள் கூர்மையாகப் புடைத்துக்கொண்டு. "என்ன மாமா திடீர்னு? மறுபடி டைவ் அடிக்கலாமா?" என்று கேட்டான். கடையில் நாலு பேர் இருந்தார்கள். வாயைத் திறந்தேன். "மீனுங்க என்ன மறந்திருக்குமான்னு பாக்க வந்தேன்" என்றேன். நாலு பேரும் சிரித்தார்கள். மீன் குழம்பு சாப்பிட்டுவிட்டு திண்டிவனம் பஸ் ஏறினேன்.

பஸ்ஸில்தான் தெரிந்தது, இந்த வாயை நம்பிப் பயனில்லை. அதனால் எழுதினேன். அன்று பதினேழாம் நம்பர் சூட்டுக்குள் உப்பு மட்டும் இல்லை என்பதையும் எழுதியிருக்கிறேன். அதை மட்டும் எழுதி நிறுத்திக்கொள்ளலாம், சிரித்துவிட்டுப் போவார்கள் என்றுகூட நடுவில் ஒரு யோசனை வந்தது.

இதுவரை எழுதியதை நேற்றுச் சாயங்காலம் மருமகனுக்குப் போனில் அனுப்பினேன். இரண்டு நீல டிக் விழுந்தது, படித்துவிட்டான். போனைக் குப்புற வைத்துவிட்டுக் கேப்பைக் கூழ் குடித்தேன். இன்று காலை பத்து மணிக்குக் கூப்பிட்டான். ஹலோ இல்லை, மாமா இல்லை.

"இதுவும் உன் ஜோக்குதானே?" என்றான்.

அவன் குரலில், ஆமாம் என்று சொல்லிவிடு என்ற கெஞ்சல் இருந்தது. நல்ல ஜோக் ஒன்று வாய் வரை வந்தும்விட்டது.

"இல்லப்பா" என்றேன். "நான்தான் மடிச்சேன்."

கடையைப் பார்த்துக்கொள்ள யாரிடமோ சொல்லிவிட்டு அவன் வெளியே வந்தான், கடல் சத்தம் கேட்டது. பிறகு, "அக்கா நம்பர் இருக்குதா?" என்று கேட்டான்.

என்னிடம் இல்லை. ஆஸ்பத்திரியின் பின்பக்கம் எப்படிப் போகவேண்டும் என்று சொன்னேன்.